பிள்ளையைப் பார்த்துப் பாடம்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5-ம் தேதி பிறந்த ஒரு பையனுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்க வீட்டார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா ராமையா பிள்ளை ஊர்க் கணக்கர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரும்கூட. மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட, குடும்பம் பின்னாளில் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைத் தாங்கிய மூத்த அண்ணன் சபாபதி, தம்பிக்குத் தானே பாடம் சொல்லிப் பார்த்தார், ஏறவில்லை. தன்னுடைய ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பிப் பார்த்தார். பையன் அங்கே உட்காராமல் கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் சந்நிதியில் பாடிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டைக் கேட்ட ஆசிரியர், இவனுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று விலகிக்கொண்டார். அண்ணனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் கூப்பிட்டுச் சோறு போட்டார். வீட்டோடு இருந்தாவது படிக்கும்படி கெஞ்சினார். பையன் கேட்டதெல்லாம் மாடியில் தனியாக ஓர் அறை, விளக்கு, ஒரு கண்ணாடி.

கிடைத்தது. ஒன்பது வயதில், உடம்புக்கு முடியாத அண்ணனுக்குப் பதிலாகச் சோமு செட்டியார் வீட்டுக்குப் பெரியபுராணம் சொல்லப் போய், கூட்டத்தை நள்ளிரவு வரை எழுந்திருக்கவிடாமல் வைத்திருந்தான் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ராமலிங்கம் என்ற அந்தப் பையன்தான் வள்ளலார். பின்னாளில் கடலூர் மாவட்டத்துக்கே திரும்பி வந்து, 1867-ல் வடலூரில் தருமச்சாலையையும் 1872-ல் ஞானசபையையும் நிறுவினார். பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து படிக்க வடலூரில் ஒரு பாடசாலைக்கும் ஏற்பாடு செய்தார்.

வள்ளலாரின் அருள் இந்தக் கட்டுரையின் பொருளல்ல. என் கண் அந்த அண்ணியின் மேல்தான் நிற்கிறது. அண்ணன் பாடத்தைப் பார்த்தார், ஆசிரியர் புலமையைப் பார்த்தார், அண்ணி ஒருவர்தான் பிள்ளையைப் பார்த்தார். இவனுக்கு இப்போது எது வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது: சோறு, தனியிடம், கொஞ்சம் அவகாசம். இருநூறு ஆண்டுகள் கழித்து, அந்தப் பையன் பிறந்த கடலூர் மாவட்டத்தில் சில பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறார்கள். ஹோம்ஸ்கூலிங் என்று இப்போது எல்லோரும் சொல்கிற இந்த ஏற்பாடு எங்கே பலிக்கிறது, எங்கே கவிழ்கிறது என்று பார்த்தால், அந்த அண்ணியின் கண் அந்த வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் முடிகிறது.

பஸ் போர்டு சொன்ன குறில் நெடில்

கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு வீடு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்குப் பத்து. அப்பா கடை வைத்திருக்கிறார். அம்மா தனியார் நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டார். தம்பி இரண்டாம் வகுப்பு முடித்தும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் திணறியதுதான் தொடக்கம். "மிஸ் படிக்கச் சொன்னா வயிறு வலிக்குதும்பான். நெஜமாவே வலிக்கும். டாக்டர்கிட்ட காட்டினோம், ஒண்ணுமில்லைன்னுட்டார்" என்கிறார் அம்மா.

முதல் சில மாதம் அவர் செய்தது, பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குத் தூக்கி வந்ததுதான். காலை ஒன்பதுக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு, பதினொன்றுக்கு இங்கிலீஷ். சுவரில் டைம்டேபிள். வயிற்றுவலி வீட்டிலும் வந்தது. வீட்டில் தினமும் அழுகை, அம்மாவும் சேர்ந்துதான். ஒருநாள் பண்ருட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போகத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நின்றபோது, தூரத்தில் வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் அது எந்த ஊர் பஸ் என்று பையன் சொல்லிக்கொண்டே வந்தான். போர்டை வாசிக்கவில்லை, வண்டியின் நிறம், கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படம், டிரைவரின் முகம் இதையெல்லாம் வைத்துச் சொன்னான். அம்மாவுக்கு அங்கேதான் பிடிபட்டது.

அதன்பிறகு வாரத்தில் மூன்று மாலை பஸ் நிலையம்தான் வகுப்பறை. விழுப்புரம், விருத்தாசலம் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். வண்டியைப் பார்க்காமல் எது எதுவென்று சொல்ல வேண்டுமானால் இரண்டாவது எழுத்துக்குப் போயாக வேண்டும். சிதம்பரத்துக்குக் குறில், சீர்காழிக்கு நெடில். தப்பாக ஏறினால் ஊர் மாறிவிடும். புவனகிரி, பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, பாண்டிச்சேரி என்று பகர வரிசையில் பாதி அந்த பஸ் நிலையத்திலேயே நிற்கிறது. குறிஞ்சிப்பாடியில் ஒற்று மிகுவதை அவன் இலக்கணப் புத்தகத்தில் பார்க்கவில்லை, வண்டி நெற்றியில் பார்த்தான். அடுத்தது டிக்கெட். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று சிதம்பரம் வரை ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கட்டணத்தைக் கூட்டிக் கழித்து, இரண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட், நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கணக்கு வந்தது. இப்போது சரளமாக வாசிக்கிறான். கையெழுத்து மட்டும் இன்னும் கோணல்தான். அதற்காக அம்மா அவசரப்படவில்லை.

அக்கா வேறு மாதிரி. யாராவது விளக்க ஆரம்பித்தால் அவளுக்குப் பிடிக்காது. "சொல்லாதீங்க, நானே பாத்துக்கறேன்" என்று புத்தகத்தோடு மாடிக்குப் போய்விடுவாள். தம்பிக்காகக் கண்டுபிடித்த பஸ் நிலைய உத்தியை இவளிடம் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது நூலகம், அப்புறம் வாரம் ஒருமுறை அவள் கேட்கிற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஒருவர். அம்மாவுக்குத் தெரியாத கேள்வி நிறைய வருகிறது. தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்ல அவர் பழகிக்கொண்டார். தன் வீட்டுக் கல்வியில் தனக்குக் கடினமாக இருந்த பாடம் அதுதான் என்கிறார்.

விரல் ரேகையில் படிப்பு இல்லை

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இந்தப் பையன் 'பார்த்துக் கற்பவன்', அந்தப் பெண் 'படித்துக் கற்பவள்' என்று முத்திரை குத்தும் பழக்கம் இன்று பெற்றோரிடம் பரவியிருக்கிறது. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகவோ நான்காகவோ பிரித்து, அவரவர் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படிப் பாணி பார்த்துப் பாடம் நடத்துவதால் கற்றல் மேம்படுகிறது என்று நம்பத் தக்க சான்று அநேகமாக இல்லை என்றார்கள். அறிவு ஒன்றல்ல, பலவகை என்று 1983-ல் புத்தகம் எழுதிய ஹோவர்ட் கார்ட்னரே, நான் சொன்னது வேறு, கற்றல் பாணி என்பது வேறு, குழப்பாதீர்கள் என்று பலமுறை சொல்லிவிட்டார்.

அதைவிடக் கொடுமை, விரல் ரேகையைப் பதிந்து பிள்ளையின் அறிவையும் எதிர்காலத்தையும் கணித்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற வியாபாரம். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் இதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று அறிக்கை விட்டும், ஊருக்கு ஊர் நடக்கிறது. பெற்றோரின் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அப்படியானால் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடே இல்லையா? நிறைய இருக்கிறது. முன்னால் என்ன தெரிந்து வைத்திருக்கிறான் என்பதில், எதில் ஆசை என்பதில், எவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார முடியும் என்பதில், எதைக் கண்டால் பயம் என்பதில் எல்லாம் வேறுபாடு இருக்கிறது. புதுப்பாளையத்துப் பையன் பஸ் போர்டில் வாசிக்கக் கற்றது கண்ணால் கற்பவன் என்பதால் அல்ல. பஸ் என்றால் அவனுக்கு உயிர் என்பதால். இன்னொன்றும் உண்டு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளில் சிலருக்கு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கும். அதைப் பாணி என்று சொல்லித் தள்ளிப்போட்டால் வருடங்கள் வீணாகும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. முறைப்படி சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் கிடைக்கின்றன. சந்தேகம் வந்தால் முதலில் போக வேண்டியது அரசு மருத்துவமனைக்கு.

உப்பு இலையும் வாடைக்காற்றும்

பிள்ளையின் ஆசையைப் பிடித்துக்கொண்டு நடக்க இந்த மாவட்டத்தைப் போல் வாய்ப்பான இடம் குறைவு. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போகும்போது வெண்கண்டல் மரத்தின் இலை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். உப்பு நீரைக் குடிக்கிற மரம் உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அடியில் பார்த்தால் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள். பக்கத்திலேயே சுரபுன்னை, அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீளமாகத் தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது. அப்புறம் தில்லை மரம். சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த மரம், நடராசர் கோயிலின் தலமரம். ஆனால் அதைப் பார்க்க இந்தச் சதுப்புக்குத்தான் வர வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகோட்டி கையை விலக்கச் சொல்வார். ஒரு காலைப்பொழுதுக்குள் தாவரவியல், ஊர் வரலாறு, கொஞ்சம் வேதியியல் எல்லாம் வந்துபோகும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது என்பதையும் அங்கேயே சொல்லலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மீன் பைத்தியம் பிடித்த பிள்ளை அங்கிருந்து கிளம்ப மாட்டாள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை பிச்சாவரம் போய்வந்தால் அதற்கு அனுபவக் கல்வி என்று பெயர். தேவனாம்பட்டினத்தில் அப்பாவோடு படகில் போகும் பிள்ளைக்கு வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று காற்றை முகத்தில் வாங்கியே சொல்லத் தெரியும். நீரோட்டம் மாறுவது தெரியும், எந்த வலைக்கு எந்த மீன் என்று தெரியும். அதற்குப் பள்ளியில் எந்தப் பெயரும் இல்லை. அந்தப் பிள்ளை வகுப்பில் 'பின்தங்கிய மாணவர்' ஆகிவிடுகிறான். வீட்டிலிருந்து கற்றவற்றையெல்லாம் வாசலில் கழற்றிவைத்துவிட்டு வா என்று பள்ளி சொல்லும்வரை, பிள்ளைகள் பள்ளியிலிருந்து நழுவிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

2010 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவச, கட்டாயக் கல்வி உரிமை. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பத்தாவது பிரிவு. அந்த மத்தியச் சட்டத்தில் கடமையை மீறிய பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. கடும் குறைபாடுள்ள பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு வீட்டுக் கல்வியைத் தடை செய்கிறோம் என்றோ அனுமதிக்கிறோம் என்றோ ஒரு வரியும் இல்லை. இந்த மௌனத்துக்குள்தான் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் வாழ்கின்றன.

நடைமுறை அவ்வளவு சுலபமல்ல. பள்ளியில் டி.சி. வாங்கிய பிள்ளை வேறு பள்ளியில் சேராவிட்டால், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் இடைநின்ற பிள்ளையாகவே தெரியும். பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாக வருவார்கள். புதுப்பாளையத்து வீட்டுக்கும் வந்தார்கள். அம்மா பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். வந்த ஆசிரியை தேநீர் குடித்துவிட்டுப் பையனிடம் பஸ் கட்டணக் கணக்கு ஒன்று கேட்டுவிட்டுப் போனார். வந்தவர் நல்லவர். ஆனாலும் ஒரு குடும்பத்தின் நிம்மதி, வருகிறவரின் நல்ல மனத்தைப் பொறுத்து இருக்கக்கூடாது.

தேர்வுக்கு வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பு. இன்னொன்று, 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். பதினான்கு வயதானால் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதியலாம். ஐந்து பாடங்கள் போதும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, தயாரான பாடத்தை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஓவியம், மனையியல் போன்றவையும் கணக்கு, அறிவியலுக்குச் சமமான பாடங்களே. புதுப்பாளையத்து அக்கா தமிழும் ஓவியமும் சேர்த்துத் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று கனவு இருந்தால், அங்கே எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று பதிவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளி யாருக்கு விடுதலை

பள்ளியே வேண்டாம் என்று மேடையேறிப் பேசுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர் ஜெயகாந்தன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர், ஞானபீடம் வரை போனவர். உண்மைதான். ஆனால் அவர் கல்வியே இல்லாமல் வளரவில்லை. புத்தகமும் விவாதமும் அச்சகமும் இருந்த கட்சி அலுவலகம் அவருக்குக் கிடைத்தது. அவரைச் சிறுவன் என்று ஒதுக்காமல் பேசவிட்ட பெரியவர்கள் கிடைத்தார்கள். அதே வயதில் பள்ளியை விட்ட மற்ற பிள்ளைகள் செங்கல் சூளைக்கும் முந்திரித் தோட்டத்துக்கும் போனார்கள்.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1890-ல் பிறந்த அவர், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916-ல் இங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எந்த வீட்டுக்குள் எழுத்து நுழையக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுத்து வைத்திருந்தார்களோ, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் வெளியேறும் வாசல். அப்பாவும் அம்மாவும் விடியலில் வயலுக்குப் போகிற வீட்டில் யார் வீட்டுக் கல்வி தருவது? மதியச் சோற்றை யார் போடுவது? வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்விகளைத் தாண்டிப்போகிற உரிமை நமக்கு இல்லை.

நடைமுறையில் வீட்டுக் கல்வி என்பது அம்மா கல்விதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலையை விட்டது அம்மா. ராத்திரி உட்கார்ந்து மறுநாள் பாடத்துக்குத் தயார் செய்வதும், உறவுக்காரர் கல்யாணத்தில் 'பிள்ளைங்களைக் கெடுக்குறியே' என்ற பேச்சை வாங்குவதும் அவர்தான். அப்பா ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கணக்கு சொல்லித்தருகிறார். அதைத் தன் பங்கு என்கிறார். பிள்ளைகளுக்கும் இழப்பு இருக்கிறது. அக்காவுக்கு வகுப்புத் தோழிகள் இல்லை. ஆண்டு விழாவில் ஆடவில்லை என்ற குறை இருக்கிறது. நாலு பேரோடு சண்டை போட்டுச் சமாதானமாகிற பழக்கம் தெருவில்தான் கிடைக்க வேண்டும், தெருவில் பிள்ளைகள் பள்ளி முடிந்துதான் வருகிறார்கள்.

புளியங்கொட்டையும் கட்டைவிரலும்

இந்தக் கட்டுரைக்காகப் போன இடங்களிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்தது வசதியான வீடு எதுவுமல்ல. கிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. பெருமூளை வாதத்தோடு பிறந்த பதினொரு வயதுப் பெண். நடக்க முடியாது, பேச்சு குழறும். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, படிப்பு வீட்டில். சட்டம் வெளிப்படையாக அனுமதித்திருக்கிற வீட்டுக் கல்வி இது ஒன்றுதான்: கடும் குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கோரலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்தது. அதற்காக வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் வீட்டுக்கு வருகிறார்கள்.

அன்றைக்கு வந்த பயிற்றுநர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனதும் பையிலிருந்து எடுத்தது ஒரு பிடி புளியங்கொட்டை, இரண்டு டப்பா. கொட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் எடுத்து அடுத்த டப்பாவில் போட வேண்டும். ஏழு போட்டால் பாட்டு. மூன்றாவதில் விரல் பிடிக்கவில்லை. கொட்டை உருண்டு ஓடியது. பயிற்றுநர் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். அந்தப் பெண் கையை மெதுவாக நகர்த்தி அதைத் தேடிப்பிடித்துப் போட்டாள். எண்ணிக்கை ஒரு பாடம், விரலுக்குப் பயிற்சி இன்னொரு பாடம், விடாமல் முயல்வது மூன்றாவது பாடம். "அஞ்சு மாசம் முன்னாடி உள்ளங்கையால அள்ளத்தான் தெரியும் சார். இப்ப ரெண்டு வெரல் வந்திருச்சு. அடுத்தது ஸ்பூன்" என்றார் பயிற்றுநர். அம்மாவிடம் அடுத்த வாரம் வரை என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

கற்றல் பாணி, தனித்துவம், ஆர்வம் என்றெல்லாம் நகரத்தில் பேசுகிறோமே, அதன் முழு வடிவத்தை அந்தத் திண்ணையில் பார்த்தேன். ஒரு பிள்ளை, அவளுக்கென்று ஒரு திட்டம், அவளுடைய வேகம், அவளால் இன்று முடிந்ததற்கு அடுத்த படி. தமிழ்நாட்டில் இந்தக் கலை கைவந்தவர்கள் இந்தப் பயிற்றுநர்கள்தான். அவர்களோ ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வருகிறார்கள்.

பள்ளி நாலு அடி இறங்கி வந்தால்

பிள்ளையின் வேகத்துக்கேற்பப் பாடம் நடத்த வேண்டும் என்பது பள்ளிக்கும் தெரியாமல் இல்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. அதன் சோதனை ஓட்டம் முதலில் நடந்த 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, தெருவிலிருக்கும் படித்த பெண் ஒருவர், இருபது பிள்ளைகள், ஒரு திண்ணை அல்லது கோயில் மண்டபம். அடுத்த ஆண்டு எண்ணும் எழுத்தும் வந்தது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இப்போது நிற்கிற இடத்தை வைத்துப் பிரித்துப் பாடம் நடத்துகிற திட்டம். அதற்கு முன்பே 2000-களில் செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்று மாநிலம் முழுக்கச் செய்து பார்த்தோம். எண்ணம் சரி. ஓர் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகள், அதற்கு மேல் பதிவேடு, பதிவேற்றம் என்று வேலை குவியும்போது அட்டை அலமாரியில் ஏறிவிடுகிறது.

கடலூரில் பள்ளி முதல்வராக இருந்தபடியே எழுதியவர் இரா. நடராசன். கேள்வி கேட்டதற்காக அடிபடுகிற ஒரு மாணவியைப் பற்றிய அவருடைய 'ஆயிஷா' கதையைப் படித்த ஆசிரியர்கள் பலர் பிரம்பைக் கீழே போட்டார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போகிற பெற்றோரில் பலர் பள்ளியை வெறுத்துப் போகவில்லை. வகுப்பறைப் பயத்திலிருந்து பிள்ளையை மீட்கத்தான் போகிறார்கள். பயம் போனால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்பது என் நம்பிக்கை. புதுப்பாளையத்து அம்மாவிடம் தம்பியை மறுபடி பள்ளியில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "அவனை வாசிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்தாத ஸ்கூல்னா நாளைக்கே சேர்ப்பேன்" என்றார்.

கல்வித் துறை செய்யக்கூடியவை சில இருக்கின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளையை எமிஸில் இடைநின்றவர் என்று எழுதாமல், வீட்டுக் கல்வி என்று தனியாகப் பதிய ஒரு கட்டம் வேண்டும். பதிந்தால்தான் எத்தனை பேர், யார் உண்மையில் படிக்கிறார்கள், யாரை வேலைக்கு அனுப்பிவிட்டுப் படிக்கிறான் என்று சொல்கிறார்கள் என்பதும் தெரியவரும். பதிந்த பிள்ளைகளுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியின் ஆய்வகமும் நூலகமும் விளையாட்டுத் திடலும் வாரத்தில் இரண்டு மாலையாவது திறந்திருக்க வேண்டும். அக்காவுக்குத் தோழிகளும் அங்கேயே கிடைப்பார்கள். கிள்ளையில் புளியங்கொட்டை எண்ணவைத்த பயிற்றுநரைப் போன்றவர்களை நிரந்தரமாக்கி, அவர்கள் கற்ற வித்தையை வட்டார வள மையப் பயிற்சிகளில் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரச் சொல்ல வேண்டும். இப்போது அந்தப் பயிற்சிகளில் அவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள்.